தஞ்சாவூர் ராஜா பத்மநாபபுரம் பார்த்த நாள்: ஒரு பொம்மைச் சுற்றுலாவின் நிகழ்வு ஆய்வு

ஒரு பொம்மையை ஊர் விட்டு ஊர் அனுப்புவது, போகிற இடத்துப் பிள்ளைகள் அதற்குத் தங்கள் ஊரைச் சுற்றிக்காட்டி நோட்டில் எழுதித் திருப்பி அனுப்புவது என்று ஒரு விளையாட்டு உண்டு. பல நாடுகளில் பள்ளிகளும் நூலகங்களும் இதைச் செய்கின்றன. டோக்கியோவில், பொம்மைகளை மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிக்காட்டும் நிறுவனமே இருக்கிறது. பொம்மையின் சொந்தக்காரர் வீட்டில் இருப்பார், பொம்மை மட்டும் சுற்றும். எங்கள் பக்கத்துக்கு இது புதிது. மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள எங்கள் நூலகத்தின் சிறுவர் வாசகர் வட்டத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு பொம்மை வந்தது. அதைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அன்றைக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்பதை, இதே மாதிரி செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் அது ஒரு சுமை. பொம்மைக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைகள் அரண்மனையைப் பார்க்கவே ஆரம்பித்தார்கள்.

வந்த விருந்தாளி

தஞ்சாவூரில் ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அனுப்பிய பொதியில் இருந்தது தலையாட்டி பொம்மை. மீசை வைத்த ராஜா. அடிப்பாகம் உருண்டை, கனம் முழுக்கக் கீழே. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். கூடவே ஒரு நீள நோட்டு. முதல் பக்கத்தில் இரண்டு வேண்டுகோள்கள் எழுதியிருந்தார்கள். பத்து இடங்களில் ராஜாவை நிறுத்திப் படம் எடுத்து ஒட்ட வேண்டும். அப்புறம் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: உங்கள் ஊர் அரண்மனை எதனால் கட்டியது? ராஜா என்ன சாப்பிட்டார்? உங்கள் ராஜா இப்போது எங்கே?

படங்களுக்குப் பத்து இடம், கேள்விகளுக்கு மூன்று வரி. இந்த விகிதம்தான் பின்னால் தலைகீழாக மாறியது.

எங்கள் வட்டத்தில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. சின்னவர்கள் பொதியைப் பிரித்ததுமே ராஜாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் தூரத்தில் நின்று சிரித்தார்கள். பொம்மையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது அவர்களுக்கு வெட்கம். பெரிய பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது முதல் நாளே எழுந்த கேள்வி.

எங்கே கூட்டிப்போவது

சின்னவர்கள் ஒரே குரலில் கன்னியாகுமரி என்றார்கள். கடல், படகு, விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை. ஒரு பெரிய பையன்தான் குறுக்கே பேசினான்: “லேய், வந்திருக்கது ராஜா. ராஜாவ ராஜா வீட்டுக்குத்தான கூட்டிட்டுப் போணும்?” அதற்கு மறுபேச்சு இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காக இடத்தைப் பற்றிக் கொஞ்சம். தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வேளிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம். பழைய பெயர் கல்குளம். இன்றும் தாலுகாவுக்கு அந்தப் பெயர்தான். அரண்மனையின் தொடக்கத்தை 1601ஆம் ஆண்டு வாக்கில், இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் வைக்கிறார்கள். அதன் ஒரு பகுதியான தாய்க்கொட்டாரம் அதற்கும் முந்தியது என்பார்கள். 1729இல் திருவிதாங்கூர்ப் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்டவர்மா 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டுப் ‘பத்மநாப தாசன்’ என்ற பெயரில் ஆண்டார். ஊர்ப் பெயரும் அதன்படி மாறியது. கருங்கல் கோட்டையும் இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் முக்கியமானவையும் அவர் காலத்தவை. அவருக்குப் பின் வந்த தர்மராஜா காலத்தில், 1795இல், தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அரண்மனை சேர்ந்தது.

எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போன எவரும் இந்த அரண்மனைக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டார்கள். அதுதான் சிக்கலே. வரிசையில் நிறுத்தி, முன்னால் போகிறவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அடுத்த வாசலில் வெளியே வந்து ஐஸ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவது. புறப்படும் முன்பு பிள்ளைகளிடம் என்ன தெரியும் என்று கேட்டோம். கிட்டத்தட்ட எல்லாரும் சொன்னது ஒன்றே: “அங்க ஒரு சுரங்கப்பாதை உண்டு.” வேறு? மௌனம். ஏற்கெனவே போய்வந்த பிள்ளைகள் இவர்கள்.

பூமுகத்தில் படக் கூட்டம்

திங்கள்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. மதியத்திலும் ஒரு இடைவேளை உண்டு. இரண்டையும் கணக்கில் வைத்து, ஒரு வேலைநாள் காலையில் முதல் ஆட்களாகப் போய்ச் சேர்ந்தோம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேமராவுக்குத் தனிச் சீட்டு. நூலகத்து அக்கா ஒரே ஒரு கேமரா கொண்டுவந்திருந்தார்.

முதல் இடம் பூமுகம், அரண்மனையின் முகப்பு மண்டபம். மேலே மரக்கூரையில் விதவிதமான பூக்கள், 90 வகை என்பார்கள். குதிரைக்காரன் உருவம் வைத்த பித்தளைத் தொங்குவிளக்கு, கருங்கல் கட்டில், சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலி, சுவரில் ஓணவில் என்ற அலங்கார வில். அந்தச் சின்ன இடத்தில் இத்தனை இருக்கிறது. பிள்ளைகள் பார்த்தது ஒன்றையும் இல்லை. ராஜாவை யார் பிடிப்பது, யார் பக்கத்தில் நிற்பது, படத்தில் யார் தலை வெட்டுப்பட்டது என்பதே பேச்சு. ஒருத்தி ராஜாவைக் கல் கட்டிலில் உட்காரவைக்கப் போனாள். அங்கே நின்ற காவலர் அவசரமாக வந்து, “கட்டில்ல ஒண்ணும் வைக்காதீங்க மக்களே, கையில வச்சே காட்டுங்க” என்றார். நியாயமான பேச்சு. பின்னால் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். நாங்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தோம்.

பொம்மைச் சுற்றுலா பற்றிப் படிக்கும்போது பார்க்கும் படங்களில் எல்லாம் பொம்மை அழகாகத் தனியாக நிற்கும். அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை பேர் காத்து நின்றிருப்பார்கள் என்பது படத்தில் தெரிவதில்லை.

குறுகலான படி ஏறி மாடிக்குப் போகும்போது ஐந்தாவது வகுப்புப் பையன் ஒருவன் ராஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதனால் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. ராஜா ஒரு பையில் போக வேண்டும் என்று அக்கா அங்கேயே முடிவு செய்தார். தோளில் குறுக்காகப் போடும் துணிப்பை, தலை மட்டும் வெளியே தெரியும். கேமராவையும் அவர் தன் பைக்குள் போட்டுவிட்டார். மற்ற படங்களைக் கடைசியில் பார்க்கலாம் என்றார்.

மந்திரசாலையில் நடந்த மாற்றம்

மேலே மந்திரசாலை. ராஜா அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய அறை. சாய்ந்த மரச்சட்டங்களின் வழியே காற்று வரும். ஜன்னலில் வண்ண மைக்காத் தகடுகள். வெளிச்சம் தணிந்து உள்ளே இறங்கும். தரை கறுப்பாகப் பளபளக்கும். அங்கே விளக்கம் சொல்லும் சேச்சி மலையாளம் கலந்த தமிழில் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தார்: எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று. பிள்ளைகள் வழக்கமான முகத்தோடு கேட்டார்கள்.

ராஜாவைச் சுமந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பெண் பையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, தரையைக் காட்டி, சன்னமாகச் சொன்னாள்: “பாத்தீங்களா, இது சிமெண்டு இல்ல. சிரட்டைக் கரி. அதுல முட்டை வெள்ளைக்கரு ஊத்தி...” அங்கே நின்றுவிட்டாள். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. சேச்சியிடம் திரும்பி, “முட்டைய எதுக்குப் போட்டாங்கனு ராஜா கேக்காரு” என்றாள்.

சேச்சி சிரித்துவிட்டார். அப்புறம் நின்று நிதானமாகச் சொன்னார்: கலவை இறுகிப் பிடிக்க, மெருகு ஏற. இன்னொருவன் கேட்டான், எத்தனை முட்டை? அதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. “அப்போ மஞ்சக்கருவ என்ன செஞ்சாங்க?” என்றது ஒரு சின்னக்குரல். அதற்கும் பதில் இல்லை. ஆனால் கூட்டம் முழுக்கக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூமுகத்தில் நின்ற அதே பிள்ளைகள்தான்.

தனக்காகக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை ராஜாவுக்காகக் கேட்கிறது. தப்பாகக் கேட்டாலும் பழி ராஜா மேல் போகும். அதைவிட முக்கியம், விளங்காமல் கேட்டதை இன்னொருவருக்கு விளக்க முடியாது. அந்தப் பெண் நின்றுபோன இடம்தான் அவளுக்குத் தெரியாத இடம், அது அவளுக்கே அங்கேதான் தெரிந்தது. வரிசையில் நடந்துபோயிருந்தால் முட்டையைக் காதில் வாங்கிக்கொண்டு கடந்திருப்பாள்.

அதன் பிறகு யாரும் சொல்லாமலே இது விதி ஆகிவிட்டது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒருவர் ராஜாவைச் சுமப்பார், ஒருவர் ராஜாவுக்குச் சொல்வார், ஒருவர் எழுதுவார். அடுத்த கட்டடத்தில் ஆள் மாறும். மணிமாளிகைக் கடிகாரத்தை வேகமாகத்தான் கடந்தோம். எடைக்கல்லின் பலத்தில் ஓடும் கடிகாரம் இன்னமும் ஓடுகிறது என்பதை ஒரு வரியில் எழுதிக்கொண்டார்கள்.

மரமா, கல்லா

முதல் கேள்விக்குப் பதில் சுலபம் என்று நினைத்திருந்தோம். மரம். தேக்கு, பலா, ஈட்டி. தாய்க்கொட்டாரத்தின் நடுமுற்றத்தில் நின்று ஒரு பையன் ராஜாவுக்குச் சொன்னான்: எங்களுக்கு இரண்டு மழையும் உண்டு, ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும், அதனால் கூரை செங்குத்தாகச் சரிந்து ஓடு போட்டிருக்கிறது, தண்ணீர் நிற்காது. நல்ல பதில். பலா மரத் தூணின் செதுக்கலையும் காட்டினான்.

ஒன்பதாம் வகுப்புப் பையன்தான் குழப்பினான். தஞ்சாவூர் வயல்காடு. அங்கே கல் கிடையாது. ஆனாலும் ராஜராஜன் வெளியிலிருந்து கல் கொண்டுவந்து 1010இல் பெரிய கோவிலை முடித்தார். இங்கே திரும்பின பக்கமெல்லாம் பாறை. வேளிமலை கண்ணெதிரே நிற்கிறது. அப்படியிருக்க அரண்மனையை ஏன் மரத்தில் கட்டினார்கள்? மழை மட்டும் காரணமா?

இதில் பிள்ளைகள் கால்மணி நேரத்துக்கு மேல் வாதாடினார்கள். நடந்துகொண்டே போய் நவராத்திரி மண்டபத்தில் விடை பாதி கிடைத்தது. அந்த மண்டபம் கருங்கல் தூண்கள் கொண்டது, பக்கத்திலேயே சரஸ்வதி கோவில். சாமிக்கும் கலைக்கும் கல், கோட்டைக்கும் கல், மனிதர் படுத்து எழும் இடத்துக்கு மரம் என்று எழுதினார்கள். தஞ்சாவூரிலும் கோவில்தானே கல், அரண்மனை செங்கல்லும் சுண்ணாம்பும் ஆயிற்றே என்று அடியில் ஒரு வரி. கட்டடக்கலை படித்தவர்கள் இதில் இன்னும் நூறு திருத்தம் சொல்வார்கள். எனக்கு அந்தப் பக்கம் போதும். அன்று எழுதிய பக்கங்களில் மிக நல்லது அதுதான்.

பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம்

பெரிய பையன்களுக்கு வேலை கிடைத்ததும் இந்த வாதத்திலிருந்துதான். ராஜாவுக்குத் தப்பாகச் சொல்லக்கூடாது என்று ஒருவன் தன்னைத்தானே காவல்காரனாக நியமித்துக்கொண்டான். நோட்டின் நடுவே கோடு போட்டு இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘கேட்டது’ என்று தலைப்பிட்டான். இந்த ஆய்வில் பிறருக்கு நான் பரிந்துரைக்கக்கூடிய ஒரே உத்தி என்றால் அந்தக் கோடுதான்.

முற்றத்தில் பீடத்தின் மேல் ஒரு உருண்டைக் கல் இருக்கிறது. சுமார் 38 கிலோ. படையில் சேர வருகிறவன் அதை 101 முறை தொடர்ந்து தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. கல் இடது பக்கம் போனது, 101 வலது பக்கம் போனது. உப்பரிகை மாளிகையில் மூலிகை மரக் கட்டில் உண்டு. 64 வகை மரம், டச்சுக்காரர்கள் கொடுத்தது என்று சொன்னார்கள். கட்டில் இடது, 64 வலது. “எந்த 64 மரம்னு ராஜா கேக்காரு” என்று காவல்காரன் கேட்க, விளக்கம் சொன்னவர் நாலைந்து பெயர் சொல்லிவிட்டுக் கையைக் கும்பிட்டார்.

கட்டிலில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. தோற்றுப்போன டச்சுக்காரர்கள் ஜெயித்தவருக்கு ஏன் கட்டில் கொடுக்க வேண்டும்? குளச்சலில் சண்டை நடந்தது 1741. மாவேலிக்கரையில் இரு தரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டது 1753. சண்டைக்குப் பிறகு வியாபாரம் இருக்கத்தானே செய்யும். குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படையின் டிலனாய் அதே மார்த்தாண்டவர்மாவின் படைத் தளபதி ஆனதையும், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையில் தமிழிலும் எழுத்து இருப்பதையும் சொன்னேன். அது இங்கிருந்து கூப்பிடு தூரம். போகலாமா என்று உடனே கேட்டார்கள். நேரம் இல்லை.

பூமுகத்துத் தொங்குவிளக்கைப் பார்க்கத் திரும்பி வந்தோம். காலையில் படத்துக்குப் பின்னணியாக மட்டும் இருந்த விளக்கு அது. அந்தக் குதிரைக்காரனை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே சாயாமல் நிற்கும் என்று விளக்கம் சொன்னவர் சொன்னார். சுமந்துகொண்டிருந்த பையன் யோசித்துவிட்டு ராஜாவிடம் சொன்னது: “நீங்க எங்க தள்ளினாலும் பழைய இடத்துக்கே வருவீங்க. இவரு விட்ட இடத்துல நிப்பாரு.” இதை எந்தக் கோட்டுக்குள் எழுதுவது என்று காவல்காரனுக்குத் தெரியவில்லை. நடுவில் எழுதினான்.

சுரங்கப்பாதை? சாரோட்டுக் கொட்டாரம் என்ற இன்னொரு அரண்மனை வரை போகிறது என்பது வலது பக்கத்துக்குப் போனது, ஒரே வரியில். காலையில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

ஊட்டுப்புரை

இரண்டாவது கேள்வி, ராஜா என்ன சாப்பிட்டார் என்பது. ஊட்டுப்புரை நீளமான இரண்டு அடுக்குக் கூடம். ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். பரணி என்ற பெரிய சீன ஜாடிகளும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எதிர்பார்த்தது ராஜாவின் தட்டு. பார்த்தது ஊருக்குச் சோறு போட்ட இடம். கேள்வி சற்று விலகிப்போனது, நல்லதாகத்தான் போனது. இரண்டாயிரம் பேருக்கு எத்தனை இலை, எத்தனை ஊறுகாய், பரிமாற எத்தனை பேர் என்று கணக்கு ஓடியது.

அந்த நீளத் தரையில் சுவரோரமாக ராஜாவை ஒரே ஒரு தடவை கீழே வைத்து ஆடவிட்டார்கள். அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் கூலி என்றார்கள். அப்புறம் வெளியே வந்து மரநிழலில் எங்கள் பொதிச்சோறு.

யார் கையில் ராஜா

சண்டை வராமல் இல்லை. ஒருவர் சுமக்கும்போது மற்ற இருபது பேர் காத்திருக்க வேண்டும். ஒரு பொம்மைக்கு இருபது பேர் அதிகம். எட்டு, பத்துப் பேர் சரியாக இருக்கும். பெரிய வகுப்பைக் கூட்டிப்போகிறவர்கள் பொம்மையை ஒன்றுக்கு மேல் ஆக்குவதைவிடக் குழுவைப் பிரித்து வெவ்வேறு நேரத்தில் உள்ளே அனுப்புவது மேல். இரண்டு பொம்மை இருந்தால் கவனம் பொம்மைகளுக்குள் போட்டியாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டே ஒட்டவில்லை. ஒருத்தி கடைசி வரை ராஜாவைத் தொடவும் இல்லை, பேசவும் இல்லை. தனியாக ஒரு தாளில் ஜன்னல் சட்டங்களை வரைந்துகொண்டிருந்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. அந்தப் படமும் நோட்டில் ஒட்டிப் போனது. கேமரா எடுத்த எல்லாவற்றையும்விட அதில் விவரம் அதிகம்.

பொம்மையின் பாடும் சுலபமாக இல்லை. தலையாட்டி பொம்மை நீண்ட பயணத்துக்கு ஏற்றதே இல்லை. ஈரம் பட்டால் சாயம் போகும், இடித்தால் பெயரும். கிரீடத்தின் ஓரத்தில் கொஞ்சம் வண்ணம் உதிர்ந்தது.

ரோட்டோரத்துப் பெரியவர்

கோட்டை வாசலுக்கு வெளியே பெட்டிக்கடையில் தண்ணீர் வாங்க நின்றோம். பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்த ராஜாவைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் விசாரித்தார். தஞ்சாவூரிலிருந்து வந்து எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் பொம்மை என்று பிள்ளைகள் விளக்கினார்கள். “நம்ம சரஸ்வதி அம்மன் போயிட்டு வாற மாதிரியா தாத்தா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் யானை மேலும் பல்லக்கிலுமாகத் திருவனந்தபுரம் போவார்கள். முன்னால் ராஜாவின் உடைவாள் போகும். விழா முடிந்ததும் திரும்புவார்கள். தலைநகரம் போன வழியில் வருஷா வருஷம் சாமியும் போய் வருகிறது.

பெரியவர் கையை ஓங்காத குறைதான். “அது சாமி மக்களே, இது பொம்ம. ரெண்டையும் ஒண்ணாக்கப்பிடாது.” சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினோம். ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஊர்வலம் தக்கலை வழியே போகும்போது கூட்டம் எங்கே நிற்கும், தாம் சின்னப் பையனாக இருந்தபோது எவ்வளவு தூரம் கூடவே நடந்தார் என்று பத்து நிமிஷம் பேசினார். அதெல்லாம் ‘கேட்டது’ பக்கத்தில் இருக்கிறது. அரண்மனைக்குள் யாரும் சொல்லாத செய்திகள். பொம்மை கையில் இல்லாவிட்டால் அவர் எங்களிடம் பேசியிருக்க மாட்டார். ஊர்க்காரர்கள் வாய் திறக்க இது ஒரு சாக்கு. வெளியூர் ஆட்கள் மட்டும் பொம்மையோடு திரிய வேண்டியதில்லை.

உங்கள் ராஜா இப்போது எங்கே

மூன்றாவது கேள்விதான் பிள்ளைகளைப் படாதபாடு படுத்தியது. “1795இல் திருவனந்தபுரம் போய்விட்டார்” என்று முதலில் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் எழுதியவளுக்கே அது போதவில்லை. அரண்மனை எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் சீட்டுக் கொடுப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. அது எப்படி என்று தஞ்சாவூர்ப் பிள்ளைகள் கேட்பார்களே?

இங்கே நூலகத்துக்குத் திரும்பிவந்து உட்கார வேண்டியிருந்தது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகின. தமிழ் பேசும் தென் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு நேசமணி முதலானவர்கள் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் மூலம் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பில் நின்றுவிட்டது. மார்த்தாண்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தேதிகள் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தவை. தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வந்தவற்றையும் சேர்த்தார்கள். இந்தப் பதில் மட்டும் இரண்டரைப் பக்கம்.

பதிலின் கடைசியில் அவர்களாகவே ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்கள்: எங்கள் ராஜா தலைநகரத்தை மாற்றிக்கொண்டு போனார், உங்கள் தஞ்சாவூரை 1855இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள் என்று படித்தோம், அதற்குப் பிறகு அந்த அரண்மனையில் யார் இருந்தார்கள்?

நோட்டு காட்டுவது

பூமுகத்தில் எடுத்த படங்களின் கீழே இருப்பது தலைப்பு மட்டும்: ‘ராஜா சீன நாற்காலி அருகில்’, ‘ராஜா கல் கட்டில் அருகில்’. நாற்காலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மந்திரசாலைக்குப் பிறகு படமே கிடையாது, பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. சில நாள் கழித்து நோட்டைக் காட்டாமல் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னோம். முட்டை, 64 மரம், மரமா கல்லா, விளக்கு, பரணி என்று வந்தன. கல் கட்டிலை ஒரே ஒருத்திதான் சொன்னாள். காவலர் அதட்டிய பிள்ளை அவள்.

இதை வைத்துப் படமே கூடாது என்று சொல்ல மாட்டேன். கடைசியில் கோட்டைச் சுவரோரம் எல்லாரும் நின்று எடுத்த படம் நூலகப் பலகையில் இருக்கிறது. அதைப் பார்த்துப் புதிதாக நாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். உள்ளே போகும்போது கேமரா பையில் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. இரண்டாவது, பொம்மையை அனுப்புகிறவர்கள் கேள்வியும் கூட அனுப்ப வேண்டும். எங்களுக்கு வந்த மூன்று கேள்விகள் இல்லையென்றால் மந்திரசாலைக்குப் பிறகும் பிள்ளைகள் சுவாரசியமாகப் பேசியிருப்பார்கள், ஆனால் பேச்சு அங்கங்கே சிதறியிருக்கும்.

திருப்பி அனுப்பியது

உதிர்ந்த இடத்தில் வண்ணம் பூசலாமா என்று தஞ்சாவூருக்குப் போன் போட்டுக் கேட்டோம். வேண்டாம், பயணத்தில் பட்ட காயம் இருக்கட்டும் என்றார்கள். வைக்கோலும் பழைய துணியும் வைத்து ஓலைப்பெட்டியில் கட்டி அனுப்பினோம்.

இப்போது எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் அங்கே போக வேண்டும். ஓலைக்கிளி என்றார்கள் சின்னவர்கள், கூரியரில் நசுங்கிவிடும் என்று பெரியவர்கள் தள்ளிவிட்டார்கள். கடைசியில் கன்னியாகுமரிக் கடைத்தெருவில் விற்கும் சிரட்டைக் குரங்கு தேர்வானது. விழுந்தாலும் உடையாது, ஈரமும் ஒன்றும் செய்யாது. அதற்கு நோட்டில் மூன்று கேள்விகள் எழுதியாயிற்று: பெரிய கோவிலுக்குக் கல் எங்கிருந்து வந்தது? சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடியை எப்படிப் பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறார்கள்? தலையாட்டி பொம்மையின் அடியில் என்ன வைக்கிறார்கள்? பக்கத்தின் நடுவே கோடும் போட்டாயிற்று. ‘படம் வேண்டாம்’ என்று முதல் பக்கத்தில் காவல்காரன் எழுதினான். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், ‘ஒன்று மட்டும் அனுப்பலாம்’ என்று இருக்கிறது.